போர்க்கால இவோ ஜிமா வரைபடத்தின் மறுஅச்சு: "சுத்தம் செய்த" பிரதி வாங்கியது தப்பா?

பரணில்_கிடந்தவன் எழுதியது:

வணக்கம். ஒரு வருடமாகப் பசிபிக் போரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதிலும் தீவுகளில் நடந்த தரையிறக்கங்கள்: தாராவா, சைபான், பெலெலியு, இவோ ஜிமா. புத்தகத்தில் வரும் வரைபடம் எல்லாம் உள்ளங்கை அளவுதான், எந்தப் படை எந்தக் கடற்கரையில் இறங்கியது என்று பார்ப்பதற்குள் கண் வலிக்கிறது. அதனால் இணையத்தில் ஒருவரிடம் இவோ ஜிமாவின் 1945 அமெரிக்க ராணுவ வரைபடத்தின் மறுஅச்சு ஒன்று வாங்கினேன். "மூல அளவு, 1:10,000, முழுமையாகச் சுத்தம் செய்து மீட்டது" என்று போட்டிருந்தார்.

வந்து சேர்ந்தது. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கிறது. கிட்டே போனால்தான் சந்தேகம் வருகிறது. தாள் முழுக்க டீ சிந்தினது மாதிரி ஒரு பழுப்பு நிறம். கடற்கரைகளுக்குப் பெயருக்கு ஏற்றபடி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பட்டை பூசியிருக்கிறது. ரகசிய முத்திரை எதுவும் இல்லை, ஓரத்தில் இருக்க வேண்டிய சின்ன எழுத்துகளும் இல்லை. படம் முழுவதும் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் A முதல் வரிசையாக எழுத்து போட்டிருக்கிறார்கள் (ஏ, பி, சி என்று), ஆனால் ஒய் வரைதான், கடைசி எழுத்தைக் காணோம். இது அச்சுப்பிழையா? கேட்டால் சிரிப்பீர்கள், ஆனாலும் கேட்கிறேன். அப்புறம், தீவு நுனிக்கு நுனி 55 செ.மீ. இருக்கிறது. இது சரியான அளவுதானா?

அடுத்து தாராவா வாங்கலாம் என்று இருக்கிறேன். அதையும் இதே போல் சுத்தம் செய்தது வாங்குவதா, கறையோடும் மடிப்போடும் இருப்பதை வாங்குவதா?

தாள்தூசி எழுதியது:

முதலில் எழுத்துக் கதையை முடித்துவிடலாம், ஏனென்றால் அது பிழையே இல்லை, உங்கள் வரைபடத்தில் உருப்படியாக மிஞ்சியிருப்பதே அதுதான். இலக்குக் கட்டம் என்பார்கள். 1000 கஜம் சதுரத்துக்கு ஒரு எண். அதை ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்தால் 200 கஜம் அளவில் 25 சின்னச் சதுரம் வரும். ஏ முதல் ஒய் வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 25. இருபத்தாறாவது எழுத்துக்கு அங்கே வேலை இல்லை. கரையில் இருப்பவன் வயர்லெஸ்ஸில் "இன்ன எண், கே" என்று சொன்னால் போதும், கடலில் நிற்கும் கப்பலும் மேலே பறக்கும் விமானமும் ஒரே 200 கஜச் சதுரத்தைத்தான் பார்க்கும். அட்சரேகை தீர்க்கரேகை சொல்லிக்கொண்டிருக்க அங்கே யாருக்கு நேரம்? கரைப்படையும் கப்பலும் விமானமும் பேசிக்கொண்ட பொதுமொழி அந்தக் கட்டம்தான்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். 55 செ.மீ. என்றதும் உறுத்தியது. இவோ ஜிமா நீளவாக்கில் சுமார் ஏழரை கிலோமீட்டர். 1:10,000 என்றால் தாளில் 75 செ.மீ. பக்கம் வரவேண்டும். ஒரு காரியம் செய்யுங்கள். படத்தின் அடியில் கஜம் போட்ட அளவுகோல் கோடு இருக்கும். சுழியிலிருந்து 1000 கஜம் வரை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். 1000 கஜம் என்பது 914.4 மீட்டர், ஆகவே 1:10,000-இல் அது 91.4 மி.மீ. இருக்கவேண்டும். குறைந்தால் உங்கள் ஆள் அவரிடம் இருந்த தாளுக்குத் தக்கபடி சுருக்கிவிட்டார் என்று அர்த்தம்.

சுருக்குவது பாவம் இல்லை. சுருக்கிவிட்டு "1:10,000" என்ற எழுத்தை அப்படியே விட்டு வைப்பதுதான் ஏமாற்று. விகிதம் பொய்யாகிவிடும். கோடு மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் பொய் சொல்லாது. அதனால்தான் பழைய ஆட்கள் இரண்டையும் போட்டு வைத்தார்கள்.

டீக்கறை: அது கணினியில் பூசியது. எண்பது வருடத் தாள் பழுப்பேறும்தான், ஆனால் ஓரத்தில், மடிப்பில், காற்றும் வெளிச்சமும் பட்ட இடத்தில்தான் அதிகமாக ஏறும். தாள் முழுக்க ஒரே சீராக மேகமூட்டம் மாதிரி பழுப்பு என்றால் யாரோ ஒரு அடுக்கைத் தூக்கி மேலே வைத்திருக்கிறார்கள்.

ஓதக்கணக்கு எழுதியது:

தாராவா என்றதும் ஓடி வந்தேன். சுத்தம் செய்ததை வாங்காதீர்கள், அதிலும் தாராவாவில் வாங்கவே வாங்காதீர்கள். அந்தச் சண்டையின் கதையில் பாதி வரைபடத்தின் கதைதான்.

சண்டை நடந்தது பெத்தியோ என்ற ஒரு துண்டுத் தீவில், 1943 நவம்பர் 20 முதல் 23 வரை. மூன்று கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலேயே முக்கால் கிலோமீட்டர் தேறினால் அதிகம். போர்க்கால அமெரிக்கத் தாள்களில் "பிட்டிட்டு" என்று எழுதியிருப்பார்கள், குறிப்பெயர் "ஹெலன்". உங்கள் பிரதியில் இந்த இரண்டும் அழிந்து "பெத்தியோ" என்று மட்டும் புது எழுத்தில் இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். படத்தைப் பார்த்தால் மல்லாந்து கிடக்கும் கிளி மாதிரி இருக்கும், கால் மாதிரி வடக்கே நீட்டிக்கொண்டிருப்பது ஜப்பானியர் போட்ட நீளமான படகுத்துறை. அந்தக் காலுக்கு மேற்கே ரெட் 2, கிழக்கே ரெட் 3, அலகுப் பக்கம் ரெட் 1, மேற்கு நுனி முழுக்க கிரீன், தென்கரை பிளாக்.

விஷயம் என்னவென்றால், தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அமெரிக்கக் கடற்படையின் வில்க்ஸ் குழு அந்தப் பக்கம் அளவெடுத்தது 1841-இல். நூறு வருடத்துக்கு மேல் பழைய ஆழக்கணக்கை வைத்துக்கொண்டு திட்டம் போட வேண்டிய நிலைமை. நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியை அனுப்பிப் பெரிஸ்கோப் வழியாகக் கரையைப் படம் எடுத்துப் பார்த்தபோது கையிலிருந்த கடல் வரைபடத்தில் திசையே 11 டிகிரி பிசகியிருந்தது தெரியவந்தது. திசையையாவது திருத்தினார்கள், தண்ணீரை என்ன செய்வது? தாராவா அடங்கிய கில்பர்ட் தீவுகளில் வருடக்கணக்கில் இருந்த ஹாலண்ட் என்ற மேஜர் அந்த நாட்களில் தண்ணீர் போதாது என்று எச்சரித்தார். கேட்டுக்கொண்டார்கள், ஆனாலும் தேதி தேதிதான்.

அன்று அரைநிலவுக் காலம், போதாததற்குச் சந்திரன் பூமிக்குத் தொலைவில் இருந்த சமயம். ரெண்டும் சேர்ந்தால் கடல் ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது, நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும். டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1987-இல்தான் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வீரர்களைக் கரைக்குக் கொண்டுபோகும் படகுகளுக்கு நாலடி வேண்டும், திட்டின் மேல் மூன்றடிகூட இல்லை. சங்கிலிச் சக்கரம் வைத்த எல்விடி வண்டிகள் 125 போல இருந்தன, அவை திட்டின் மேல் ஊர்ந்து போய்விட்டன. படகில் வந்தவர்கள் திட்டின் ஓரத்திலேயே இறங்கி, துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அரைக் கிலோமீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கி. 76 மணி நேரத்தில் அமெரிக்கத் தரப்பில் ஆயிரம் பேர் பக்கம் செத்தார்கள். ஜப்பானியத் தரப்பில் இருந்த 4,700 சொச்சம் பேரில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானியர் 17, கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் 129.

இப்போது சொல்லுங்கள், அந்தத் திட்டின் ஓரக்கோட்டையும் பக்கத்தில் உள்ள சின்னச் சின்ன ஆழ எண்களையும் "அழுக்கு" என்று துடைத்துவிட்டுக் கடலுக்கு ஒரே சீரான வெளிர்நீலம் பூசி விற்கிறார்கள். பார்த்திருக்கிறேன். அதை வாங்கி மாட்டுவதற்குச் சும்மா ஒரு கிளிப் படம் வாங்கி மாட்டலாம்.

கோணமானி எழுதியது:

ஓதக்கணக்கு கொஞ்சம் சூடாகிவிட்டார். நான் சுத்தம் செய்த பிரதிகளின் கட்சி. ஆனால் எதைச் சுத்தம் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்கேனில் விழுந்த மடிப்புக் கறுப்பு, ஒட்டுநாடாவின் மஞ்சள், ஆவணக் காப்பகத்தில் யாரோ பின்னால் போட்ட பென்சில் எண், இதெல்லாம் போனால் நல்லதுதான். மடிப்பின் மேல் விழுந்த சமவுயரக் கோடு (மேட்டின் உயரம் காட்டும் கோடு) படிக்கவே முடியாமல் இருப்பதால் யாருக்கு என்ன லாபம்? போர்மேசை விளையாட்டுக்காக நான் மூன்று வருடமாக இந்த வரைபடங்களைத் திருத்தி அச்சிட்டுக்கொண்டிருக்கிறேன், பழையதைத் தொடாதே தொடாதே என்று சொல்பவர்கள் யாரும் அதை மேசையில் விரித்து உண்மையில் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்பது என் அனுபவம் (யாரையும் குத்திச் சொல்லவில்லை).

தொடக்கூடாதது மேலச்சு. முதலில் நிலத்தை மட்டும் அச்சிடுவார்கள்: கரை, மேடு, பாதை. பிறகு விமானப் படங்களில் தெரிந்த பீரங்கி, பதுங்குகுழி, டாங்கித் தடைப்பள்ளம் எல்லாவற்றையும் வேறு நிறத்தில் அதன் மேலேயே இன்னொரு முறை அச்சிடுவார்கள், "இன்ன தேதி வரை கிடைத்த தகவல்" என்று ஓரத்தில் ஒரு வரியோடு. இந்தத் தேதிதான் வரைபடத்துக்கு உயிர். ஒரே நிலப்படத்தின் மேல் அக்டோபர் மேலச்சும் ஜனவரி மேலச்சும் இருந்தால் அவை இரண்டு வேறு வரைபடங்கள். பரணில்_கிடந்தவன், உங்களுடையதில் ஓர எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது என்றால் நீங்கள் பார்ப்பது எந்த மாதத்துத் தகவல் என்று உங்களுக்கே தெரியாது.

இன்னொன்று. கடற்கரைக்கு நிறம் என்பது வெறும் பெயர். இவோ ஜிமாவில் சுரிபாச்சி மலை அடிவாரத்திலிருந்து வரிசையாக கிரீன், ரெட் 1, ரெட் 2, எல்லோ 1, எல்லோ 2, ப்ளூ 1, ப்ளூ 2. 1945 பிப்ரவரி 19 அன்று இடதுபக்கம் 5-வது மரைன் டிவிஷன், வலதுபக்கம் 4-வது. இந்த ஏழுமே ஒரே கறுப்பு எரிமலை மணல்தான். பெயர் சொன்னால் போதும் என்றிருந்த இடத்தில் அந்தந்த நிறத்தைப் பட்டையாகப் பூசியது உங்கள் வியாபாரியின் கைவண்ணம் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ஏன் எல்லோரும் தாராவா, இவோ ஜிமா என்றே போகிறீர்கள்? பெலெலியு பாருங்கள். 1944 செப்டம்பர் 15, ஒயிட், ஆரஞ்ச் என்று இரண்டு கடற்கரை. முன்கூட்டிப் போட்ட வரைபடத்தில் உமுர்ப்ரோகோல் மேடு ஏதோ சாதுவான குன்று மாதிரி இருக்கும், ஏனென்றால் விமானப் படத்தில் தெரிந்தது மரங்களின் தலை மட்டும்தான். குண்டு போட்டு மரம் எரிந்த பிறகுதான் அடியில் இருந்தது பவளப்பாறை முகடும் பிளவும் குகையும் என்று தெரிந்தது. டிவிஷன் தளபதி ரூபர்ட்டஸ் மூன்று நாலு நாளில் முடியும் என்றார். நவம்பர் கடைசி வரை இழுத்தது. முன்னால் போட்ட படத்தையும் பின்னால் போட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் யாருக்கும் விளக்கமே சொல்ல வேண்டாம்.

ஓதக்கணக்கு எழுதியது:

சரி, மடிப்புக் கறுப்பை எடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழையைத் திருத்துவதற்கு மாட்டேன். குவாடல்கனாலில் 1942 ஆகஸ்ட் 21 சண்டைக்கு "தெனாரு சண்டை" என்று பெயர், நடந்தது தெனாருவில் இல்லை, இலு ஆற்றின் கழிமுகத்தில். கையிலிருந்த வரைபடத்தில் ஆறுகளின் பெயர் மாறிக் கிடந்தது, வீரர்கள் வாயில் அதுவே "அலிகேட்டர் கிரீக்" ஆனது, அங்கே அலிகேட்டரும் கிடையாது, முதலைதான். இப்போது ஒரு புண்ணியவான் அந்தப் பழைய வரைபடத்தில் ஆற்றுப் பெயரைச் சரியாக்கி விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தச் சண்டைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று எந்த வரைபடத்தைக் காட்டி விளக்குவது?

பரணில்_கிடந்தவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அளந்தேன். 1000 கஜம் 67 மி.மீ. வருகிறது. கணக்குப் போட்டால் 1:13,600 மாதிரி. அதாவது மூல அளவில் முக்கால் பங்குகூட இல்லை. விற்றவருக்கு எழுதினேன், "திரையில் பார்க்கும்போது சரியாக இருந்தது" என்று பதில் போட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

லென்ஸ் வைத்தும் பார்த்தேன். சமவுயரக் கோடு பழுப்புக் கோடாக இல்லை, நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகத் தெரிகிறது. இது கெட்டதா?

அப்படியானால் நானே ஸ்கேனை எடுத்து அச்சிட முடியுமா? ரகசியம் என்று முத்திரை போட்டதை அச்சிடலாமா, யாராவது கேட்பார்களா?

தாள்தூசி எழுதியது:

புள்ளிகள் கெட்டது இல்லை, அது உங்கள் பிரதி எப்படிப் பிறந்தது என்பதற்கான சான்று. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தட்டு. பழுப்புக் கோட்டுக்குப் பழுப்பு மையையே கலந்து ஊற்றி ஒரு முறை, நீலத்துக்கு ஒரு முறை, மேலச்சுக்கு ஒரு முறை. லென்ஸில் கோடு கெட்டியாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். இப்போதைய அச்சில் நாலு மையின் புள்ளிகளைக் கலந்துதான் பழுப்பைக் காட்டுகிறார்கள். மறுஅச்சில் இது இருக்கத்தான் செய்யும். யாராவது "போர்க்கால மூலத்தாள்" என்று சொல்லி விற்கும்போதுதான் இந்த லென்ஸ் சோதனை உதவும். கூடவே புற ஊதா விளக்கையும் அடித்துப் பாருங்கள். தாளுக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் 1950-களில்தான் பரவலானது, ஆகவே "1944 தாள்" விளக்கில் பளீர் நீலமாக மின்னினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

தாராளமாக அச்சிடலாம். அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் வரைந்ததற்கு அங்கே காப்புரிமை கிடையாது. "ரெஸ்ட்ரிக்டட்" என்ற முத்திரை வகையையே 1953-இல் ஒழித்துவிட்டார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்திலும் நாடாளுமன்ற நூலகத்திலும் தேடுங்கள். ஜேபெக் எடுக்காதீர்கள், டிஃப் (தரம் குறைக்காமல் சேமிக்கும் படக்கோப்பு) கிடைத்தால் அதையே எடுங்கள். ஜேபெக்கில் சின்ன எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி இருக்கும். மூல அளவிலேயே அச்சிட 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், பெரிதாக்கினால்தான் பிரச்சினை.

அச்சிடக் கொடுக்கும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற ஒரு பெட்டி இருக்கும் பாருங்கள், உங்கள் 1:13,600 அங்கேதான் பிறந்திருக்கும். அதை எடுத்துவிட்டு நூறு சதவீதம் என்று போடச் சொல்லுங்கள். முழுத்தாளையும் அடிப்பதற்கு முன் அளவுகோல் கோடு இருக்கும் துண்டை மட்டும் சாதாரணத் தாளில் அடித்து அளந்து பாருங்கள். தாள் மினுமினுப்பில்லாத பருத்தித் தாள், மை நிறமி மை. லாமினேஷன் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்.

கரைமணல் எழுதியது:

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். தாராவா படத்தை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் ஒவ்வொரு துப்பாக்கிக் குழிக்கும் குறி இருக்கும், ஊருக்கு இருக்காது. பெத்தியோவில் இருந்த மக்களை ஜப்பானியர் முன்பே அப்புறப்படுத்திவிட்டார்கள். இன்று அது கிரிபாத்தி நாட்டில், நெருக்கமாக வீடுகள் நிறைந்த இடம். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் துண்டு, அதே நிலம். ஒரு செயற்கைக்கோள் படத்தையும் அதே அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால் கிளி தெரியும், ஆனால் வேறு கிளி. கடலை நிரப்பியும் கட்டியும் கரைக்கோடு கொஞ்சம் மாறிவிட்டது.

கோணமானி எழுதியது:

கரைமணல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இவோ ஜிமா படத்தில் ஜப்பானியத் தளபதி குரிபாயாஷி தோண்டவைத்த சுரங்கங்கள் இருக்காது. 18 கிலோமீட்டர் பக்கம், அத்தனையும் மண்ணுக்கு அடியில். உள்ளே இருந்தவர்கள் 21,000 பேர் போல. விமானக் கேமரா எதைப் பார்த்ததோ அதுதான் மேலச்சில் இருக்கிறது. பதுங்குகுழிக் குறி இல்லாத கட்டத்தைப் பார்த்து "இங்கே ஒன்றும் இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். என் விளையாட்டு மேசையில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தக் காலிக் கட்டத்துக்குத்தான் படையை நகர்த்துவார்கள்.

பரணில்_கிடந்தவன் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். இவோ ஜிமாவின் ஸ்கேன் ஒன்று டிஃப்பாகவே கிடைத்தது. ஓர எழுத்து, தேதி, முத்திரை, ஒரு மூலையில் காபிக் கோப்பை வட்டம், எல்லாம் அப்படியே இருக்கின்றன. கடற்கரைப் பெயர்கள் இருக்கின்றன, பட்டை நிறம் இல்லை. கோணமானி சொன்னதற்காக மடிப்புக் கறுப்பை மட்டும் லேசாகக் குறைத்தேன், காபி வட்டத்தை விட்டுவிட்டேன், ஓதக்கணக்கு சந்தோஷப்படட்டும்.

அச்சிடுபவர் முதல் துண்டை "தாளுக்குப் பொருத்து" போட்டே அடித்துக் கொடுத்தார். அளந்து காட்டி, பெட்டியை எடுக்கச் சொல்லி, திரும்ப அடிக்க வைத்தேன். இரண்டாவது துண்டில் 1000 கஜம் 91 மி.மீ., ஒரு மயிரிழை கூட. முழுத்தாளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தீவு இப்போது 75 செ.மீ. வரும், சுவரில் இருக்கும் கடிகாரத்தைத்தான் இடம் மாற்ற வேண்டும்.